மீசை இல்லாத தலைமை

வேலு நாச்சியாரை நாம் எல்லோரும் ஒரே படத்தில்தான் பார்த்திருக்கிறோம். முன்னங்கால் தூக்கிய குதிரை, உயர்த்திய வாள், காற்றில் பறக்கும் முந்தானை. மதுரையிலிருந்து சிவகங்கை போகும் வழியில் சுவரொட்டிகளில் அதே படம். பள்ளி ஆண்டுவிழாவின் மாறுவேடப் போட்டியில் அட்டைக் கத்தியோடு நிற்கும் ஏழு வயதுக் குழந்தையும் அதே படம்தான். 2008இல் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. 2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த தமிழக வெற்றிக் கழக மாநாட்டில் பெரியார், காமராசர், அம்பேத்கர் கட்அவுட்டுகளின் வரிசையில் அவருக்கும் ஒரு கட்அவுட் நின்றது. ஆண்கள் மட்டுமே நின்று பழகிய வரிசையில் ஒரு பெண் ஏறியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். பெண்ணியக் கூட்டங்களின் அழைப்பிதழில்கூட நாம் அந்தக் குதிரையை அச்சிட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தப் படம் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறது. ஆணைப்போல ஒரு பெண்ணால் சண்டை போட முடியுமா? முடியும் என்கிறது. 1772 முதல் 1780 வரை சிவகங்கைச் சீமைக்காக நடந்த போர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அது வேறொன்றைக் கேட்டது. நிலம் போய்விட்டது, கோட்டை போய்விட்டது, தலைவன் செத்துவிட்டான். இனி யார், எதைச் சொல்லி, எதைக் கொடுத்து, எத்தனை நாள் ஆட்களைக் கலையாமல் வைத்திருப்பது? வாளுக்கு இதில் வேலை குறைவு. வேலு நாச்சியார் பதில் சொன்னது இந்தக் கேள்விக்கு. வாளைக் காட்டிக் காட்டி நாம் அந்தப் பதிலை மறந்துவிட்டோம் என்பதே இந்தக் கட்டுரையின் குறை.

அதற்கு முந்தைய படை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் மாற்றம் புரியும். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள். மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றும் ஒரு பாளையக்காரரின் பொறுப்பு என்பது மரபு. அந்தக் கோட்டையைப் பிற்காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து, அகழியைத் தூர்த்த இடத்தில்தான் இன்று நாம் நெரிசலில் நின்று பஸ் பிடிக்கும் வெளி வீதிகளும் மாரட் வீதியும் இருக்கின்றன. விட்டவாசல் மிச்சம் இருக்கிறது.

பாளையக்காரரின் படை சம்பளப் படை இல்லை. காவலுக்காக மானிய நிலம் பெற்ற குடும்பங்கள் கூப்பிட்டபோது வேல்கம்போடும் வளரியோடும் வந்து சேரும். அறுப்பு வந்தால் வீட்டுக்குப் போகும். யார் யாருக்குப் பங்காளி, யார் யாருக்கு மாமன் மச்சான் என்பதுதான் அணிவகுப்பு. தலைவன் பிறப்பால் வருவான், முன்னால் நிற்பான், அவன் விழுந்தால் படை கலையும். மானம், வஞ்சினம், மீசை என்பதுதான் அந்தப் படையின் பேச்சு. பெண்ணுக்கு அதில் இரண்டு இடம் உண்டு. மகனை அனுப்பிவைத்துப் பெருமைப்படும் தாய் ஒன்று. புறப்பாட்டு மரபு இதற்கு மூதின் முல்லை என்று ஒரு துறையே வைத்திருக்கிறது. கணவனோடு தீயில் இறங்கும் மனைவி மற்றொன்று. 1710இல் ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் சிதையில் ஏறியதாகச் சொல்கிறார்கள். வேலு நாச்சியார் பிறந்த வீடு அது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ராணி மங்கம்மாள் என்ற விலக்கு மதுரைக்காரர்களுக்குத் தெரியும். 1689இலிருந்து பேரனுக்காகப் பதினேழு ஆண்டு போல ஆட்சி நடத்தியவர். முகலாயத் தளபதிக்குக் கப்பம் கட்டிப் போரைத் தள்ளிவைத்தார். திருவிதாங்கூருக்கும் தஞ்சாவூருக்கும் தளவாயைப் படையோடு அனுப்பினார். எப்போது கொடுப்பது, எப்போது அடிப்பது என்று தெரிந்த தலைமை. ஆனால் ரயிலடிக்கு எதிரே அவர் பெயரில் இருக்கும் சத்திரமும், சாலையோர மரங்களும்தான் அவர் நினைவு. வாள் இல்லாத படம் என்பதால் வீராங்கனைப் பட்டியலில் அவரை யாரும் சேர்ப்பதில்லை.

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வரி தண்ட வந்தது. வந்தவர்கள் கோவில்குடிக் கோயிலின் சாமி சிலைகளையும் தூக்கிக்கொண்டார்கள். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்கள். காடு தெரிந்தவன், ஆள் தெரிந்தவன் ஜெயிக்கும் பழைய போர் அது. அந்த வகைப் போருக்கு அதற்குப் பிறகு நாள் அதிகம் இருக்கவில்லை.

காரணம், கம்பெனி தன் படையையே வேறு மாதிரி செய்துகொண்டிருந்தது. 1750களின் கடைசியில் சென்னை நிர்வாகம் தன் சிப்பாய்களைப் பட்டாலியன்களாக ஒழுங்குபடுத்தியது. மாதச் சம்பளம், உடுப்பு, கவாத்து, ராணுவக் கோர்ட்டு. தலைவன் விழுந்தால் அடுத்த அதிகாரி அந்த இடத்தில் நிற்பான், படை கலையாது. இப்படிப்பட்ட படைக்குப் பிறப்பால் வரும் தலைவன் தேவையில்லை. அரிசியையும் கூலியையும் நாள் தவறாமல் கொண்டுவந்து சேர்ப்பவன் தேவை. அந்தத் தேவை தூக்கிவிட்ட ஆள்தான் ராமநாதபுரம் பக்கத்துப் பனையூரில் பிறந்து, மதம் மாறி, சிப்பாயாகி, கமாண்டன்ட் ஆன யூசுப்கான். நம் கதைப்பாடலில் கான்சாகிபு. மதுரையைக் குத்தகைக்கு எடுத்து ஆண்டவர், 1763இல் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றார். இரண்டு முற்றுகை. 1764 ஜூனில் கோட்டையை நேரடியாகத் தாக்கிய கம்பெனிப் படை அடிவாங்கித் திரும்பியது. அதன்பின் அது சண்டை போடவில்லை. சுற்றி உட்கார்ந்தது. உள்ளே தானியம் தீர்ந்தது. அக்டோபர் 13 அன்று தொழுகையில் இருந்த அவரைத் திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுக்காரர் மார்ச்சந்தும் சேர்ந்து கட்டிப் பிடித்துக் கொடுத்தார்கள். 15ஆம் தேதி தூக்கு. சம்மட்டிபுரத்தில் இன்றும் அவர் தர்கா இருக்கிறது.

இந்த முற்றுகையை வீரக் கதையாகப் படிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. மாதக்கணக்கில் அடைபட்ட நகரத்தில் அரிசி தீர்ந்த பிறகு அடுப்புக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டால் போரின் மாற்றம் உடனே விளங்கும். பழைய போர் நாள்கணக்கில் முடிந்தது. செத்தவன் பெரும்பாலும் வேல் பிடித்தவன். புதிய போர் மாதக்கணக்கில் நடந்தது. அது குறிவைத்தது குதிரை மேல் இருப்பவனை மட்டும் இல்லை, குதிருக்குள் இருப்பதையும். சோறு ஆயுதமாகிவிட்டால் படைத்தலைமை என்பதன் பாதி, இதுவரை தலைமை என்று யாரும் சொல்லாத வேலைதான். பகிர்வது, மிச்சம் பிடிப்பது, அளந்து போடுவது, பசியோடு இருப்பவர்களைக் கோபப்படாமல் பார்த்துக்கொள்வது. இதை எழுதும்போது என் மாணவிகள் சிரிப்பார்கள் என்று தெரியும். அவர்கள் வீட்டில் மாதக் கடைசியில் அம்மா செய்வது இதுதான். சிரித்துவிட்டு யோசியுங்கள்.

கான்சாகிபுக்கு எதிரே சிவகங்கையும் ராமநாதபுரமும் நவாப் பக்கம் நின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டே வருடத்தில் அதே பீரங்கிகள் அவர்கள் பக்கம் திரும்பின.

1772 ஜூன் மாதம். ராமநாதபுரம் விழுந்த கையோடு ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமும் பான்ஜோர் ஒரு பக்கமுமாகச் சிவகங்கைக்குள் வந்தார்கள். 25ஆம் தேதி காளையார்கோவிலில் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டார். நவாப் சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயர் மாற்றினார். பழைய படையின் இலக்கணப்படி இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். தலைவன் இல்லை, ஆண் வாரிசு இல்லை, மானியம் கொடுத்த நிலம் இல்லை. மனைவிக்கு அந்த இலக்கணம் ஒதுக்கிய இடம் சிதை.

வேலு நாச்சியார் சிதை ஏறவில்லை. மகள் வெள்ளச்சி நாச்சியாரைக் கூட்டிக்கொண்டு தப்பினார். அவர் எடுத்த முதல் ராணுவ முடிவு இதுதான் என்று நான் சொல்வேன். நம் வரலாற்று நாடகங்களில் இந்த இடம் இருபது வினாடி. கணவன் உடலைப் பார்த்துக் கதறுவார், பழி வாங்குவேன் என்று கத்துவார், திரை விழும். பிறந்த வீட்டில் 47 பேர் தீயில் இறங்கி 62 ஆண்டுகூட ஆகாத காலத்தில், ஒரு ராணி உயிரோடு இருக்க முடிவு செய்ததற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எந்த நாடகமும் நின்று பார்ப்பதில்லை. சாவது எளிதாகவும் புகழாகவும் இருந்த இடத்தில் பிழைத்திருப்பதைத் தேர்ந்தெடுத்தவர் அவர்.

போன இடம் விருப்பாட்சி. ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி போகும் சாலையில் இருக்கிறது. அங்கே பாளையக்காரர் கோபால நாயக்கர் தெலுங்கு பேசும் குடியைச் சேர்ந்தவர். மறவர் சீமையின் சொந்தபந்தம் இல்லை. பக்கத்தில் திண்டுக்கல் கோட்டை மைசூர் வசம் இருந்தது. அங்கே 1755இல் பௌஜ்தாராக வந்து, பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்து ஆயுதச் சாலை அமைத்து வளர்ந்தவர்தான் ஹைதர் அலி. அவரும் அரச குலத்தில் பிறந்தவர் இல்லை, புதிய போர் தூக்கிவிட்ட ஆள். 1772 டிசம்பரில் பிரதானி தாண்டவராய பிள்ளை நாச்சியாரின் சார்பில் ஹைதருக்குக் கடிதம் எழுதினார். ஐயாயிரம் குதிரை, ஐயாயிரம் காலாள் கேட்டு. கணவர் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாச்சியார் ஹைதரிடம் உருதுவில் பேசினார் என்று நம் பாடநூல்கள் சொல்கின்றன; அவருக்குத் தெரிந்த மொழிகளையும் அடுக்குகின்றன. ஆனால் வளரி, சிலம்பம், குதிரையேற்றம் என்ற பட்டியலுக்குப் பின்னால், இன்னொரு திறமை என்பதுபோல. அந்தப் போரில் குதிரையேற்றத்தைவிட உருது அதிகம் வேலை செய்தது.

பிறகு எட்டு ஆண்டு. இந்த எட்டு ஆண்டைத்தான் நம்மவர்கள் "மறைந்து வாழ்ந்தார்" என்று ஒரே வரியில் கடக்கிறார்கள். மறைந்து வாழ்வது என்றால் என்ன? மானியம் இழந்த காவல் குடும்பங்கள் நவாபின் ஆட்களோடு சமாதானம் செய்துகொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்கு அங்கே என்ன நடக்கிறது என்ற செய்தி வந்துகொண்டிருக்க வேண்டும், இங்கிருந்து நம்பிக்கை போய்க்கொண்டிருக்க வேண்டும். அடைக்கலம் கொடுத்தவருக்கு நாம் சுமை என்ற எண்ணம் வராதபடி இருக்க வேண்டும். விருந்தாளியாய்ப் போன வீட்டில் மூன்றாம் நாளே முகம் மாறுவதைப் பார்த்த நமக்கு எட்டு ஆண்டின் கனம் தெரியும். வளரும் மகளை வாரிசாக ஆட்கள் ஏற்றுக்கொள்ளும்படி வளர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரப்படாமல் இருக்க வேண்டும். வஞ்சினம் கூறி மறுமாதமே பாய்ந்து மடிந்திருந்தால் கும்மிப் பாட்டு கிடைத்திருக்கும், சிவகங்கை கிடைத்திருக்காது. 1780 ஜூலையில் ஹைதர் கர்நாடகத்துக்குள் இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனியின் ஒரு படையே அழிந்தது. நவாபுக்கும் கம்பெனிக்கும் தெற்கே திரும்பிப் பார்க்க நேரமில்லாத அந்த ஆண்டில்தான் நாச்சியார் நகர்ந்தார். மருது சகோதரர்கள் படை நடத்த, மைசூரின் உதவியோடு சிவகங்கை மீண்டது. காத்திருந்தது சோம்பலால் இல்லை என்பதற்கு இந்தத் தேதிகளே சாட்சி.

இங்கே உடையாளும் குயிலியும் வருகிறார்கள். இவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது வாய்மொழி மரபு. உடையாள் ஆடு மேய்த்த பெண். நாச்சியார் போன வழியைச் சொல்லச் சொல்லி வெட்டியபோதும் சொல்லாமல் செத்தாள் என்கிறார்கள். கொல்லங்குடிப் பக்கம் வெட்டுடையார் காளி கோயிலை அவளோடு சேர்த்துச் சொல்வது உண்டு. நாச்சியார் தன் வைரத் தாலியை அங்கே காணிக்கையாக வைத்தார் என்றும் சொல்வார்கள். அநியாயம் செய்தவன் மேல் காசு வெட்டிப் போட்டு நியாயம் கேட்க இன்றும் பெண்கள் போகும் கோயில் அது. குயிலி, உடையாள் பெயரில் அமைந்த பெண்கள் படையின் தலைவி. விஜயதசமி அன்று ராஜராஜேஸ்வரி அம்மனைக் கும்பிட வரும் பெண்களோடு பூக்கூடையில் ஆயுதத்தை மறைத்துக் கோட்டைக்குள் போய், உடம்பில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் குதித்தாள் என்பது கதை.

கதை நடந்ததா இல்லையா என்று இங்கே வழக்காடப் போவதில்லை. இரண்டு நூற்றாண்டாகச் சொல்பவர்கள் எதைச் சொல்ல விரும்புகிறார்கள் என்பதுதான் விமர்சகருக்கு வேலை. கதையின் முதல் பாதி அபாரமான ராணுவ அறிவு. சாமி கும்பிடப் போகும் பெண் கூட்டத்தை எந்தக் காவலாளியும் சோதிக்க மாட்டான், வெடிமருந்து எங்கே இருக்கிறது என்று வேவு பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. பெண்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்ற அவமானத்தையே ஆயுதமாக்கிய யோசனை அது. ஆனால் கதை அதில் நிற்பதில்லை. அதை ஒரு வரியில் முடித்துவிட்டுத் தீயை ஒரு பக்கம் வர்ணிக்கிறது. பாடநூலிலும் நம் நினைவில் தங்குவது தீதான்.

யார் எரிகிறார்கள் என்று பாருங்கள். ராணி சிதை ஏறவில்லை. அந்த வீட்டின் வழக்கம் அவரிடமிருந்து கேட்ட தீயை அவர் கொடுக்கவில்லை. கதை விடவில்லை. அந்தத் தீயை எடுத்துக் குயிலியின் மேல் வைத்துவிட்டது. ஒடுக்கப்பட்ட சாதிகள் தங்கள் பெண் என்று உரிமையோடு சொல்லும் குயிலியின் மேல். உடன்கட்டை ராணுவ உடுப்பு போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. மேல்சாதிப் பெண் பிழைத்திருக்கும் தலைமையைப் பெறுகிறாள், கீழே இருப்பவள் எரியும் தியாகத்தைப் பெறுகிறாள். ஆடு மேய்த்தவள் வெட்டுப்பட்டுத் தெய்வமாகிறாள். தலித் மக்கள் குயிலியை மீட்டெடுத்துச் சிலை கேட்பதும் விழா எடுப்பதும் முழுக்க நியாயம். வரலாறு எழுதியவர்கள் அவர்கள் பெயர் எதையும் எழுதிவைக்கவில்லை. எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. உயிரோடு கோட்டையிலிருந்து வெளியே வந்து, அடுத்த நாள் பங்கு கேட்கும் குயிலியை நம்மால் ஏன் கற்பனை செய்ய முடியவில்லை?

வென்ற பிறகு நடந்தது இன்னும் முக்கியம், அதை யாரும் மேடையில் காட்டுவதில்லை. ஆட்சி நாச்சியாரின் பெயரில் நடந்தது. படையும் நிர்வாகமும் பிரதானிகளான மருது சகோதரர்கள் கையில் இருந்தன. அரச குலத்தில் பிறக்காத அவர்கள் அங்கே வந்து சேர்ந்ததும் அந்தப் போர் செய்த மாற்றம்தான். திறமையால் ஏறியவர்கள், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வெள்ளச்சி அரசியாக ஆளவில்லை. அவளை மணந்த வேங்கன் பெரிய உடையத் தேவர் அரியணையில் இருந்தார். நாச்சியார் 1796இல் இறந்தார்.

1801 ஜூனில் சின்ன மருது திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டச் செய்த பிரகடனத்தை எல்லோரும் போற்றுகிறோம். போற்ற வேண்டியதுதான். சாதி சாதியாக அழைத்து, முஸ்லிம்களையும் அழைத்து, கம்பெனிச் சிப்பாய்களையும் அழைத்து, இந்த நாட்டை ஒரே நாடாகப் பேசிய அறிக்கை அது. பாளையத்துக்கு ஒன்றாக, பங்காளிக்கு ஒன்றாகப் போரிட்ட காலம் முடிந்துவிட்டது என்பதை அவ்வளவு தெளிவாக வேறு யாரும் எழுதவில்லை. அந்த அறிக்கையை மாணவிகளோடு கடைசிவரை படித்துப் பாருங்கள். மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிறுத்திவிடும் இடத்தைத் தாண்டிப் படியுங்கள். அது மீசை வைத்தவர்களைத் திரண்டு வரச் சொல்கிறது. வராதவனுடைய மீசையை உடம்பின் எந்த மயிரோடு ஒப்பிடுகிறது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவன் தின்னும் சோறு சத்தற்றுப் போகட்டும், அவன் மனைவி மக்கள் வேறொருவனுக்கு உரியவர்களாகட்டும், வெள்ளைக்காரனுக்குப் பெற்ற பிள்ளைகளாக எண்ணப்படட்டும் என்று சபிக்கிறது.

எட்டு ஆண்டு ஒரு விதவையின் பொறுமையில் மீண்ட சீமை அது. இருபது ஆண்டில், போருக்கு ஆள் கூப்பிடும்போது கைக்குக் கிடைத்த சொல் மீசை. மிரட்டக் கிடைத்தது மனைவியின் கற்பு. சின்ன மருதுவைத் தனி ஆளாகக் குற்றம் சொல்வதில் பொருளில்லை, அவர் அன்றைய படையின் பேச்சைப் பேசினார். நான் காட்ட விரும்புவது அந்த இடைவெளியைத்தான். போர் தலைமையை மாற்றியது. விதவை, மதம் மாறிய சிப்பாய், சேர்வை குலத்து அண்ணன் தம்பி என்று பிறப்பு ஒதுக்கிவைத்தவர்களையெல்லாம் மேலே கொண்டுவந்தது. படையின் பேச்சை மாற்றவில்லை. பேச்சு மாறாத இடத்தில் பெண்ணின் தலைமைக்கு வாரிசு கிடையாது. அது ஒரு அதிசயமாக நிற்கும், முடியும். அதிசயத்தைப் பாடமாக்க முடியாது, படமாகத்தான் மாட்ட முடியும்.

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். வேங்கன் பெரிய உடையத் தேவரும் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் இருந்த 73 பேரைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். பாளையங்களின் ஆயுதம் பிடுங்கப்பட்டது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. அந்த வீட்டுப் பெண்கள் எங்கே போனார்கள் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

இதே மண்ணின் பெண்கள் மறுபடி துப்பாக்கி பிடித்தது கடல் தாண்டி. 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த ஜான்சி ராணிப் படையில் பெரும்பாலோர் மலேயாவின் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி சென்னை மருத்துவர். படைக்குச் சூட்டிய பெயரைக் கவனியுங்கள். 1858இல் போர்க்களத்தில் மடிந்த ராணியின் பெயர். வென்று, அதற்குப் பிறகு பதினாறு ஆண்டு உயிரோடிருந்த தமிழ் ராணியின் பெயர் அந்தத் தமிழ்ப் பெண்களுக்கு வாய்க்கவில்லை. செத்த ராணிதான் கொடிக்கு ஏற்றவள் போலும். அந்தப் படை முன்னணிப் போரில் இறக்கப்படவில்லை. அதன் உண்மையான சோதனை 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து பாங்காக் நோக்கிப் பின்வாங்கிய நடைதான். வண்டிகள் நின்றுபோக, விமானத் தாக்குதலுக்குப் பயந்து பகலில் பதுங்கி, இரவில் வாரக்கணக்கில் நடந்தார்கள். புண்ணான காலோடு வருபவளை விட்டுவிடாமல் கூட்டிச் செல்வதற்குப் பதக்கம் எதுவும் இல்லை. ஈழப் பெண் போராளிகளைப் பற்றியும் இங்கே நினைவு வராமல் இருக்காது. அதை ஒரு பத்தியில் எழுதிக் கடப்பது அநியாயம். தனிக் கட்டுரை வேண்டும்.

பெண்கள் ராணுவத்தில் சேர்ந்தால் விடுதலை வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. படை என்ற அமைப்பின் மேல் எனக்குள்ள சந்தேகம் இந்தக் கட்டுரையால் குறையவும் இல்லை. ஆனாலும் மதுரையைச் சுற்றிய கல்லூரிகளில் என்.சி.சி. உடுப்பில் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு ஓடிவரும் பெண்களிடம் அந்தச் சந்தேகத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போக முடியாது. அவர்களுக்கு அது மாதச் சம்பளம், வீட்டை விட்டு வெளியேறும் வழி, அப்பாவின் அதட்டலுக்கு ஒரு பதில். அவர்கள் எந்தப் படையின் பேச்சுக்குள் போகிறார்கள் என்பதாவது தெரிந்து போக வேண்டும்.

1992இலிருந்து மருத்துவம் அல்லாத பிரிவுகளிலும் இந்திய ராணுவம் பெண் அதிகாரிகளை எடுத்தது, ஆனால் நிரந்தரப் பணியும் தலைமைப் பதவியும் பெரும்பாலும் எட்டாமல் இருந்தன. பபிதா புனியா வழக்கில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதங்களில் ஒன்று இது: படையின் கீழ்நிலை வீரர்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள்; சமூக வழக்கத்தில் ஊறிய அவர்களின் மனம் ஒரு பெண்ணின் தலைமையை ஏற்கும் அளவுக்கு இன்னும் பழகவில்லை. பிள்ளைப்பேறு, குடும்பப் பொறுப்பு என்ற காரணங்களும் சேர்ந்து வந்தன. 2020 பிப்ரவரி 17 அன்று நீதிமன்றம் இவற்றைப் பாலினப் பழங்கருத்துகள் என்று தள்ளித் தலைமைப் பதவிகளையும் திறக்கச் சொன்னது.

தீர்ப்பை வரவேற்றோம். அந்த வாதம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கிராமத்து ஆணின் மேல் பழியைப் போட்டுவிட்டு அதிகாரம் கையைக் கழுவிக்கொள்கிறது. மனம் பழகவில்லை என்றால் பழக்குவது யார் வேலை? கவாத்து என்பதே அதற்குத்தானே! காலையில் எழுவதிலிருந்து செருப்பு மாட்டுவதுவரை ஒரு மனிதனைப் புதிதாகப் பழக்கிவிட முடியும் என்று நம்பும் அமைப்பு, இந்த ஒன்றை மட்டும் பழக்க முடியாது என்கிறது. இத்தனைக்கும், 1780இல் ஒரு விதவையின் பெயரைச் சொல்லிச் சிவகங்கைக்குத் திரும்பி நடந்தவர்கள் கவாத்தே பழகாத கிராமத்து ஆண்கள். மானம், மீசை என்று பேசியவர்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எட்டு ஆண்டு அவர் கலையாமல் நின்றதைப் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான்.

தேசியப் பாதுகாப்பு அகாதமியிலிருந்து முதல் பெண் கேடட்டுகள் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். காலாட்படையும் கவசப்படையும் இன்னும் அவர்களுக்குத் திறக்கவில்லை.